படம் முடிந்த பிறகு ஓடும் 11 நிமிடம்

எங்கள் வீட்டுப் பரணிலிருந்து சென்ற ஆண்டு இறக்கிய கேசட்டுகளில் ஒன்றின் முதுகில், நீலப் பேனாவால் ஒரு பழைய தமிழ்ப் படத்தின் பெயர் எழுதியிருந்தது. மாமாவின் கையெழுத்து. ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் போட்ட படத்தை, வீடியோ கேசட்டில் பதியவும் அதை ஓட்டவும் உதவும் டெக்கில் பதிந்து வைத்திருக்கிறார். அந்தப் படம் எனக்குப் பெரிய தேவையில்லை. அதைவிடத் தெளிவான பிரதி இன்று எளிதாகக் கிடைக்கும். கேசட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஓடவிட்டேன். படம் முடிந்தது. மாமா அதற்குள் தூங்கிப்போயிருக்க வேண்டும், ஸ்டாப் பட்டனை அழுத்தவில்லை. தலை நிறைய மல்லிகைப் பூவோடு ஓர் அறிவிப்பாளர் திரையில் வந்து, அடுத்து என்ன நிகழ்ச்சி என்று நிதானமாகச் சொன்னார். இரண்டு விளம்பரங்கள் வந்தன. அப்புறம் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை. பிறகு செய்தி தொடங்கி, வாசிப்பவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது நாடா தீர்ந்துவிட்டது. மொத்தம் 11 நிமிடம்.

அந்த 11 நிமிடத்தை அன்றிரவே நான்கு முறை போட்டுப் பார்த்தேன். படத்தின் நெகட்டிவ் எங்கோ ஒரு லேபில் இருக்கலாம், டிவிடி இருக்கலாம், சேனல்களிடம் பிரதி இருக்கும். ஆனால் அந்த அறிவிப்பு, அந்த விளம்பர வரிசை, மன்னிப்புக் கேட்கும் அந்த அட்டை எல்லாம் அந்த மாலையில் காற்றில் போய்விட்டவை. யாரோ ஒரு வீட்டில் டெக் ஓடிக்கொண்டிருந்ததால் மட்டுமே அவை மிஞ்சியிருக்கின்றன. பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் படங்களையும் வீடியோவில் சேகரிப்பவர்களை வெறும் பழம்பொருள் பிரியர்கள் என்று நினைப்பது வழக்கம். அவர்கள் கையில் இருப்பது பல நேரம் வேறு எங்குமே இல்லாத பிரதி. அது எப்படி வீடுகளில் வந்து சேர்ந்தது, அதற்கு இன்னும் எத்தனை காலம் ஆயுள் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொலைக்காட்சி நிலையங்களே தங்கள் நிகழ்ச்சிகளைப் பத்திரப்படுத்தியிருக்கும் என்று நாம் நம்புகிறோம். நெடுங்காலம் அப்படி நடக்கவில்லை. இதற்குப் பலரும் அறிந்த உதாரணம் பிரிட்டனின் பி.பி.சி. 1960-களில் அவர்கள் பயன்படுத்தியது இரண்டு அங்குல அகல நாடா. விலை அதிகம், வைக்க இடமும் நிறைய வேண்டும். ஆனால் பழையதை அழித்துவிட்டு அதிலேயே புதியதைப் பதியலாம். நடிகர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை இஷ்டத்துக்கு மறுஒளிபரப்பு செய்யவும் முடியாது. வீட்டில் வாங்கிப் பார்க்கும் வீடியோ என்ற வியாபாரமே அப்போது கிடையாது. அப்படியிருக்க, ஒருமுறை ஒளிபரப்பி, வெளிநாடுகளுக்கு விற்றும் முடித்த நிகழ்ச்சியை எதற்காக வைத்திருப்பது? அழித்தார்கள். 1978 வாக்கில்தான் அந்த வழக்கம் நின்றது.

1963 நவம்பரில் பி.பி.சி.யில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் முதல் ஆறு ஆண்டுகளில் 253 பகுதிகள் வந்தன. அவற்றில் 90-க்கும் மேற்பட்டவை இன்றும் படமாகக் கிடைக்கவில்லை. ஆனால் காணாமல்போன ஒவ்வொரு பகுதியின் ஒலியும் இருக்கிறது! காரணம், அந்தக் காலச் சிறுவர்கள். வீடியோ பதிவுக் கருவி வாங்க வழியில்லாத காலத்தில், டிவி ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்து, வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று சொல்லி, ஒலிநாடாவில் பதிந்தார்கள். பின்னாளில் பி.பி.சி. அந்த வீட்டுப் பதிவுகளை வாங்கிச் சுத்தம் செய்து குறுந்தகடாக வெளியிட்டது. சில கதைகளுக்கு அந்த ஒலியின் மேலேயே அனிமேஷன் செய்து சேர்த்தது. 2013-இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து கிடைத்ததாக 9 பகுதிகளின் பிலிம் பிரதிகள் வெளியே வந்தன. நிகழ்ச்சியை உண்டாக்கிய இடத்தில் இல்லாதது, அது போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி இதை இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோனார். ஒரு காலத்தில் நூலகராக இருந்தவர். 1970-களின் பிற்பகுதியிலிருந்து, முக்கியமாக 1979-இல் ஈரானில் அமெரிக்கர்கள் பிணையாகப் பிடிக்கப்பட்ட நாட்களிலிருந்து, செய்திச் சேனல்களை இரவும் பகலும் பதிந்தார். வீட்டில் பல டெக்குகள் ஒரே நேரத்தில் ஓடும். நாடா தீரும் நேரத்துக்கு யாராவது வந்து மாற்றியாக வேண்டும். 2012 டிசம்பரில் அவர் இறக்கும்வரை இது நிற்கவில்லை. சேர்ந்தது 70,000-க்கும் மேற்பட்ட கேசட்டுகள். அவற்றை இப்போது இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் பாதுகாக்கிறது. ஒரே சம்பவத்தை அன்று ஒவ்வொரு சேனலும் எந்த நிமிடத்தில், எந்தச் சொல்லில் சொன்னது என்று ஒப்பிட இன்று வழி இருக்கிறது என்றால் அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

சரி, நம் பக்கம் வருவோம். வீட்டில் பதியும் வீடியோ கேசட் வடிவங்களில் சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-இல் வந்தது, ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976-இல் வந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. ஆனால் டெக் நம் தெருவுக்குள் நுழைந்தது 1982-க்குப் பிறகு, ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்த காலத்தில். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்தார்கள். சொந்தமாக வைத்திருந்த வீடுகள் குறைவு. கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றால் டெக்கும் டிவியும் நான்கு கேசட்டும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய ஓட்டுவார்கள். டெல்டாக் கரையிலும் தென்கோடியிலும் ஆண்டெனாவை உயரத் தூக்கிக் கட்டி, 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கை ரூபவாகினியைப் பிடித்தார்கள். அந்தக் கரையில் டெக் வைத்திருந்த வீடுகளில் ரூபவாகினியின் பதிவுகள் இருக்க வாய்ப்புண்டு. இலங்கைத் தொலைக்காட்சியின் வரலாற்றுத் துண்டு ஒன்று வேதாரண்யம் பக்கத்து வீட்டு அலமாரியில் கிடைத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

வீடுகளும் அழித்தன, அதையும் சொல்ல வேண்டும். காலிக் கேசட் மலிவான பொருளல்ல. கேசட்டின் முதுகோரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் டெக் அதன் மேல் மறுபடி பதியாது. அண்ணன் ஆசையாகப் பதிந்து பல்லை உடைத்து வைப்பான். ஆறு மாதம் கழித்து வேறு கேசட் கிடைக்காத அவசரத்தில் அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோடேப் ஒட்டி, கிரிக்கெட்டைப் பதிந்துவிடுவார்கள். எங்கள் பெட்டியில் அப்படிச் செல்லோடேப் ஒட்டிய கேசட் மட்டும் ஆறு. தூர்தர்ஷனின் வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ என்று எழுதி, அடித்து, மேலே வேறு எழுதியிருக்கிறது. ஆனால் கிரிக்கெட் மூன்று மணி நேரத்தையும் நிரப்பாத இடத்தில், கடைசியில், பழைய வெள்ளிக்கிழமையின் ஒரு பாட்டும் அரைப் பாட்டும் அழியாமல் இருக்கின்றன.

இன்னொரு வகை உண்டு. சேகரிப்பவர்கள்கூட இதை அவ்வளவாகத் தேடுவதில்லை, எனக்கு அதில் வருத்தம். வீடியோ இதழ்கள். 1980-களின் இறுதியில் தொலைக்காட்சி முழுக்க அரசின் கையில். அரசு சொல்லாத செய்தியைப் படமாகக் காட்ட வேண்டுமானால் ஒளிபரப்ப அலைவரிசை இல்லை, கேசட் மட்டுமே இருந்தது. 1988-இல் இந்தியா டுடே குழுமம் ‘நியூஸ்டிராக்’ என்ற மாதச் செய்தி இதழை வி.எச்.எஸ். கேசட்டில் கொண்டுவந்தது. தமிழில் 1990-களின் தொடக்கத்தில் ‘பூமாலை’ வந்தது. அதை நடத்தியவர்கள்தான் 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவியைத் தொடங்கினார்கள். தமிழ்த் தனியார் தொலைக்காட்சியின் முன்கதை அந்தக் கேசட்டுகளில் இருக்கிறது. அவை வானில் ஒளிபரப்பானவை அல்ல, வாடகைக் கடைகளில் புழங்கியவை. செயற்கைக்கோள் சேனல் வந்ததும் அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கடைகள் மூடியபோது கேசட்டுகள் எடைக்குப் போயின. ஒரு சினிமா நூறு கேசட்டாகப் பிழைத்திருக்கும். ஒரு மாதத்து வீடியோ இதழை மறுபடி வெளியிட யார் வருவார்கள்? பழைய கேசட் கடைச் சரக்கு எங்காவது விலைக்கு வந்தால் படங்களை விட்டுவிட்டு முதலில் இவற்றை எடுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

திரைப்படங்களுக்கும் வீட்டுப் பிரதி முக்கியம்தான், ஆனால் காரணம் வேறு. ஒரே படம் வெவ்வேறு வடிவில் வெவ்வேறாக இருக்கும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இன் ‘ராஜராஜ சோழன்’. அதற்குப் பிறகு வந்த அகலத்திரைப் படங்களை அந்தக் காலத்து டிவியின் சதுரத் திரைக்கு ஏற்றவாறு மாற்றும்போது பக்கங்களை வெட்டினார்கள். கணக்குப் போட்டால் படச்சட்டத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். இருவர் பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரியும். எனவே ஸ்கோப் படத்தை வி.எச்.எஸ்.ஸில் பத்திரப்படுத்துவது கடைசி வழி. முழு அகலத்தோடு வந்த டிவிடி இருந்தால் அதுவே மேல். ஆனால் நீளம் என்று வந்தால் நிலைமை மாறும். பின்னாளில் சேனலிலும் இணையத்திலும் வந்த பிரதியில் காணாமல்போன நகைச்சுவைப் பகுதியோ பாட்டோ பழைய கேசட்டில் இருக்கலாம். கேசட்டின் தரம், அதில் ஏற்றிய பிரதி தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்ததா, நல்ல பிரிண்டிலிருந்து எடுத்ததா என்பதையும் பொறுத்தது.

வெளிநாட்டுத் தொடர்களில் இது உரிமைச் சிக்கலாகவே வந்தது. ஒரு வானொலி நிலையத்தைக் கதைக்களமாகக் கொண்ட அமெரிக்கத் தொடர் ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’. 1978 முதல் 1982 வரை ஓடியது. காட்சிக்குக் காட்சி அன்றைய பிரபலப் பாடல்கள் ஓடும். 2007-இல் முதல் பருவத்தை டிவிடியாக்கியபோது அந்தப் பாடல்களுக்கு உரிமை வாங்க முடியாமல் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு வேறு இசை போட்டார்கள். 2014-இல் இன்னொரு நிறுவனம் பல பாடல்களை மீட்டு வெளியிட்டது. இடைப்பட்ட காலத்தில் தொடரை அதன் உண்மையான ஒலியோடு கேட்க, பழைய ஒளிபரப்பை வீட்டில் பதிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

விசிடி காலத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1993-இல் வந்த வடிவம். பட அளவு 352-க்கு 288 புள்ளி. ஒரு வட்டில் 74 முதல் 80 நிமிடம்தான் அடங்கும், அதனால் நம் படங்களுக்கு இரண்டு, மூன்று வட்டு வேண்டும். தரத்தில் நல்ல வி.எச்.எஸ்.ஸைவிடப் பெரிதாக மேலல்ல. டிவிடிதான் உண்மையான முன்னேற்றம். 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது, வாழ்நாளில் அசல் வட்டு வாங்காதவர்களும் வாங்கினார்கள். வேறு யாரும் தொடாத பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அந்த விலையில் பெட்டிக்கடை வரை வந்தன. 2018-இல் அந்த நிறுவனத்தைக் கலைக்கும் உத்தரவு வந்தது. மறுபதிப்பு இனி எதிர்பார்க்க முடியாது. அந்த வட்டுகளைப் பத்து ரூபாய்க்குத் தள்ளிவிடும் பழைய கடைகள் இன்னும் இருக்கின்றன. கண்ணில் பட்டால் வாங்கி வையுங்கள்.

இப்போது நாடாவின் உடம்பைப் பற்றி. வி.எச்.எஸ். நாடா அரை அங்குல அகலம். பாலியஸ்டர் பட்டையின் மேல் காந்தத் துகள்களைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். 180 நிமிடக் கேசட்டில் சுமார் 258 மீட்டர் நாடா. டெக்குக்குள் ஓர் உருளை நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். அதில் எதிரெதிரே இரண்டு ஹெட், அதாவது நாடாவில் படத்தைப் பதிந்து வாசிக்கும் முனைகள். ஒவ்வொரு ஹெட்டும் நாடாவின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு போடும்; நொடிக்கு 50 கோடு. அந்தக் கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அத்தனை நுணுக்கமான கோட்டின் மேல் இன்னொரு டெக்கின் ஹெட் பிசகாமல் ஓட வேண்டும். பிசகினால்தான் திரையில் அந்த வெள்ளைக் கோடுகள் வரும், ஹெட்டைக் கோட்டோடு பொருத்த நாம் டெக்கின் டிராக்கிங் குமிழைத் திருகுவோம். அதனால்தான், பதிந்த அதே டெக் வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். அதன் பதிவை அதைப்போல வாசிக்க இன்னொன்று கிடைப்பது அரிது.

நம் ஊரில் நாடாவுக்கு முதல் எதிரி ஈரம். கேசட்டை வெளிச்சத்தில் சாய்த்து அந்தச் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளின் விளிம்பு கறுப்பாக, வழவழவென்று இருக்க வேண்டும். வெள்ளையாகப் பொடி தூவியது போலவோ ஈர்க்கு போலக் கோடாகவோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை டெக்கில் போடவே கூடாது. போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். மாமாவின் கேசட்டுகளில் ஒன்றை நான் அவசரப்பட்டு அப்படிப் போட்டுவிட்டேன். படம் இரண்டு நிமிடத்தில் மங்கி, வெறும் புள்ளியானது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல் துண்டை உருளையின் மேல் லேசாக வைத்து, உருளையைக் கையால் சுற்றித் துடைத்துத்தான் ஹெட்டை மீட்டேன். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும்.

இரண்டாவது எதிரி, வாசிக்கும் கருவி இல்லாமல் போவது. வி.எச்.எஸ். டெக்கைத் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே, காந்த நாடாவில் இருப்பதை 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாவிட்டால் பெரும்பகுதி கைவிட்டுப் போகும் என்று எச்சரித்தது. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது. நாடா ஒரே நாளில் சாகாது. ஆனால் ரப்பர் பெல்ட் மாற்றத் தெரிந்த மெக்கானிக்குகளும் உதிரி பாகங்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள்.

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். கேசட் காலத்தில் வண்ணப் படத்தை அனுப்பும் முறை நாட்டுக்கு நாடு மாறியது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன், ஜெர்மனி எல்லாம் பால் (PAL) முறை. கனடாவும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. முறை. பிரான்ஸ் சீக்காம் முறை. டொராண்டோவில் எடுத்த கல்யாணக் கேசட்டை யாழ்ப்பாணத்து டெக்கில் போட்டால் படம் உருண்டு ஓடும். பாரிஸில் டிவியிலிருந்து பதிந்ததைப் பால் டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். நாடா கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கியெறிந்தவர்கள் உண்டு. கெட்டதில்லை, எல்லா முறையும் வாசிக்கும் மல்டி சிஸ்டம் டெக் வேண்டும்.

மாற்றுவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். மலிவான யு.எஸ்.பி. கருவி ஒன்றை வாங்கிச் செருகினால் வேலை நடக்கும், ஆனால் நாடாவின் படம் நிலையில்லாமல் ஆடும் இடங்களில் அது பிரேம்களை விட்டுவிடும், ஒலி பின்தங்கும். டெக்குக்கும் கணினிக்கும் நடுவில், வரிகளின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் இருந்தால் அந்தத் தொல்லை தீரும். வெளிச்சத்தையும் வண்ணத்தையும் தனித்தனியே அனுப்பும் எஸ்-வீடியோ இணைப்பு இருக்கும் டெக் என்றால் இன்னும் நல்லது. பதியும்போது 720-க்கு 576 என்ற முழு அளவில் பதியுங்கள். சுருக்கிய கோப்பை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். டிஜிட்டல் வீடியோ (DV) என்ற கோப்பு வடிவில் ஒரு மணி நேரப் பதிவுக்கு 13 ஜி.பி. ஆகும், இன்றைய ஹார்ட் டிஸ்க் விலைக்கு அது பாரமில்லை. கடைகளில் கொடுத்தால் பெரும்பாலும் டிவிடியாக எரித்துத் தந்து, கேசட்டைக் குப்பையில் போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஹெட்டிலிருந்து வரும் மூலச் சமிக்ஞையையே அப்படியே பிடித்துக் கணினியில் படமாக்கும் முறையை ஆர்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். இன்று மோசமாக வரும் நாடா ஐந்து ஆண்டு கழித்து அதில் நன்றாக வரலாம்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960-இல் வந்த படத்துக்கு 2020 டிசம்பரோடு அது முடிந்தது. பாட்டுக்கும் வசனத்துக்கும் எழுதியவர் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்று தனிக் கணக்கு. தனிப்பட்ட உபயோகத்துக்குப் பாதுகாத்து வைப்பது ஒன்று, பொதுவில் ஏற்றுவது வேறு. இரண்டாவதற்கு முன் கொஞ்சம் விசாரியுங்கள். ஏற்ற முடியாது என்பதற்காக மாற்றாமலே விட்டுவிட வேண்டாம்.

மாற்றத் தொடங்குபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. முதுகில் எழுதியிருப்பது மட்டுமே உள்ளே இருக்கிறது என்று நம்பாதீர்கள். படம் முடிந்ததும் நிறுத்தாமல், நாடா தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நடுவில் பத்து நிமிடம் வெறும் புள்ளி வந்தாலும் விடுங்கள், அதற்கு அப்பால் எதுவும் இருக்கலாம். விளம்பரங்களை வெட்டாதீர்கள். செய்தித் துண்டு கிடைத்தால் அதில் சொல்லும் சம்பவத்தை வைத்துத் தேதியைக் கண்டுபிடித்துக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். கேசட்டின் முதுகையும் அட்டையையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்; கையெழுத்தும் தகவல்தான்.

மாமாவின் கேசட்டுகளில் இன்னும் 14 பாக்கி. மூன்றில் பூஞ்சை இருக்கிறது, அவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு காயப் போட்டிருக்கிறேன். ஒன்றின் முதுகில் எதுவுமே எழுதவில்லை, பல் மட்டும் உடைத்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் ஓடவிடப் போகிறேன்.